லெஃப்ட்டுல ஒண்ணும் வரல

தோசைக்கரண்டி போதும் என்று வசந்தாமணி காலையில் பால் காய்ச்சும்போதே முடிவு செய்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும், பிளேடு என்றால் விரல் போகும், தோசைக்கரண்டிதான் இருபது வருஷமாகத் தேய்ந்து விளிம்பு மெலிந்து இதற்கென்றே காத்திருந்த மாதிரி இருக்கிறது. நாளைக்கு இதே கரண்டியில் தோசையைத் திருப்ப வேண்டுமே என்று ஒரு யோசனை வந்தது. கழுவினால் போகிறது, என்ன இப்போது. மணி ஒன்பது நாற்பது. பதினொன்றரைக்கு வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும், பன்னிரண்டரைக்கு அவரைக் கண் ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டும், நடுவில் இந்த இடது பக்கத்துக் கண்ணாடி ஒட்டி, பிடித்து, ஆடாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கொழுந்தனார் சென்னியப்பனுக்குப் போன் போட வேண்டியதுதான். போட்டால் அவர் தன் காரில் வந்து இறங்கி, அண்ணனை முன்சீட்டிலும் அண்ணியை ஃபைல்களோடு பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு, டவுன் போய்ச் சேரும்வரை ஒரே பாட்டைப் பாடுவார். இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங் அண்ணி இந்த வேலை, வண்டிய வித்துப்போடலாம், ஆள் இருக்குது. ஆள் இருக்கிறதாம். அவருக்கு எதற்குத்தான் ஆள் இல்லை. வண்டி போய்விட்டால் போர்ட்டிகோவில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும், ஐம்பத்தாறு வயதில் அவள் கற்றுக்கொண்டு வந்த டிரைவிங் பீரோவுக்குள் லைசென்ஸ் அட்டையாகக் கிடக்கும், ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு ஆள் வரும்வரை திண்டாட வேண்டும். போன் போடப்போவதில்லை. ஐம்பது நிமிஷ வேலை, நேற்றுக் கடைக்காரர் சொன்னார். அவளுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் நேரம் இருக்கிறது.

பழைய கண்ணாடி முந்தாநாளே கையோடு வந்துவிட்டது. ரேஷன் கடைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனபோது வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கிண்ணம் போன்ற அந்தக் கூட்டுக்குள் லொடக்கென்று சரிந்து, மூலையில் கீறல் விட்டு, வானத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அதற்கு முன்னாலும் ஒன்றும் வாழவில்லை. அவள் விரித்து வைத்ததிலிருந்து இன்ஜின் ஓடும்போதெல்லாம் நடுங்கும், பின்னால் ஒரு பஸ் வந்தால் ரெண்டு பஸ் தெரியும். இப்போது கூட்டுக்குள் மிச்சம் இருப்பது கண்ணாடியைத் தாங்கும் கறுப்புத் தட்டும் அதன்மேல் மஞ்சளாக இறுகிப்போன பசையும். அவர் வைத்த பசை. ஒரு சொட்டு வைத்தால் உலகமே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி ஆயுசு முழுக்க எல்லாவற்றுக்கும் வைத்த பசை. மிக்ஸி மூடிக்கு, செருப்புக்கு, பிள்ளையார் தும்பிக்கைக்கு. நாச்சிமுத்து பஞ்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். மில்லில் இம்மி பிசகாமல் வேலை செய்த மனிதருக்கு வீட்டு வேலை என்றால் மட்டும் ஒரு சொட்டுப் பசை. அவள் மகளுடைய பழைய ஹேர் டிரையரை நீட்டு வயரில் சொருகி, தட்டின்மேல் சூடு காட்டினாள். பிளாஸ்டிக் வாசனை வந்தது. தள்ளிப் பிடித்தாள். கரண்டியைப் பசையின் ஓரத்தில் செருகி ஒரு அழுத்து அழுத்தியதும் நகத்தளவு துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது, அதைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. இன்னும் நாற்பது துண்டு இருக்கும். வரட்டும் ஒவ்வொன்றாக. இந்தக் கண்ணாடியை அவர் ஒருநாளும் விரித்ததே இல்லை, அதுதான் விஷயம். வண்டி வாங்கின புதிதில் சந்துக்குள் ஒரு ஆட்டோ இடித்தது, மறு மாதம் ஒரு பைக் இடித்தது, ஒரு சொட்டு வைத்து ஒட்டி மடக்கி வைத்தவர்தான், பதினேழு வருஷம் மடங்கியே கிடந்தது. பக்கத்துல நீ உக்காந்திருக்கறப்ப எனக்கு எதுக்குக் கண்ணாடி என்பார். லெஃப்ட்? என்று கேட்பார். அவள் திரும்பிப் பார்த்து வரல என்பாள், இல்லாவிட்டால் வருது என்பாள். வரல என்றால் வண்டி திரும்பும். கல்யாண வீட்டில் பார்த்தால் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் வந்து இறங்கும், பெண்டாட்டி முன்சீட்டில் உட்கார்ந்தால் இடது பக்கம் அவள் பொறுப்பு. சம்பளம் இல்லாத வேலை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், இவ்வளவு பெரிய இரும்புச் சாமானை அவளுடைய ஒரு சொல் திருப்பியது.

“ஏ வசந்தா, என்ன பண்ணிட்டிருக்கற அங்க, கருகுன நாத்தம் வருது?” உள்ளே ஹாலிலிருந்து நாச்சிமுத்துவின் குரல். “கண்ணாடி ஒட்டறனுங்க.” “பசை மேல் அலமாரில இருக்குது பாரு.” “பசை வேண்டாமுங்க.” டிவியின் சத்தம் கொஞ்சம் கூடியது. சாப்பிட்டாரா என்று எழுந்து போய்ப் பார்த்தாள். தட்டில் வலது பாதி இட்லி காலி, சட்டினி துடைத்து எடுத்திருக்கிறது, இடது பாதியில் ஒன்றரை இட்லி தொடாமல் அப்படியே. தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். “அட, இன்னும் இருக்குதா” என்று கை போனது. நாலு மாதமாக இப்படித்தான். கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும்மா, மூளைதான் இடது பக்கத்த வாங்க மாட்டேங்குது என்று கண் டாக்டர் சொன்னார். மாசியில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது, அவள் அவரைச் சுவரோடு சாய்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். போர்ட்டிகோவில் கார் நின்றது. கழுவித் துடைத்து, டேங்கில் பெட்ரோலோடு, சாவி ஆணியில் தொங்க, நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அந்தச் சுற்றிக்கொண்டு ஓடியதுதான் இன்னமும் ராத்திரியில் வருகிறது. ஆட்டோ கிடைக்க இருபத்தைந்து நிமிஷம். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா என்று ஒரு சின்ன டாக்டர் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் முன்னாடி. இருபத்தைந்து நிமிஷம். பதிமூன்றாம் நாளே டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயரைக் கொடுத்தாள். அங்கே ஜெசிந்தா மேடம் என்று ஒருவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. அம்மா, மொதல்ல கண்ணாடியப் பாருங்க, அப்புறம் மூஞ்சியத் திருப்பிப் பாருங்க, அப்புறந்தான் ஸ்டியரிங். யாரு சொன்னாலும் திருப்பாதீங்க, பாத்துட்டுத் திருப்புங்க. யாரு சொன்னாலும் என்று அந்த அம்மாள் சொன்ன அன்றைக்கு வண்டி குலுங்கி நின்றுபோனது, கிளட்ச்சுக்குப் பழகாத கால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பசையில் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது, இன்னொரு பக்கம் பாறையாக நிற்கிறது. சூடு காட்டினாள், செருகினாள், அழுத்தினாள், கரண்டி வழுக்கிச் சுட்டுவிரலைக் கீறியது. வாயில் வைத்துச் சப்பினாள், இரும்பு ருசி, கூடவே லேசாக நெய் ருசி, கரண்டியிலிருந்து. அன்றைக்கும் நெய் வாசனைதான் கையில். ஆறு வருஷம் ஆகிவிட்டது. பொள்ளாச்சியில் அவருடைய சித்தப்பா பேத்தி கல்யாணம், மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். காது தோட்டின் திருகாணி தளர்ந்து கழன்று மடியில் எங்கோ விழுந்துவிட்டது. அம்மா வீட்டில் போட்டது, சோளத்தளவு கூட இல்லை, அது போனால் தோடு போகும். அவள் குனிந்து கொசுவத்தின் மடிப்பு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். லெஃப்ட்? என்று கேட்டார். வரல என்றாள். குனிந்த தலை குனிந்தபடி இருக்க, வாய் தானாகச் சொன்னது. பதினோரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். வண்டி திரும்பியது. சத்தம் பெரிதாகக் கூட இல்லை, யாரோ கதவைச் சாத்தின மாதிரி. பிறகு டிபன் கேரியரின் மூடி ஒன்று தார் ரோட்டில் தனியாக உருண்டு போனது, எலுமிச்சம்பழச் சாதம் மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது, மொபெட்டுக்கு அடியில் ஒரு கால். ரங்கராஜ் என்று பெயர், லேத் பட்டறையில் வேலை. முழங்கால் சில்லு உடைந்து, ரெண்டு தடவை ஆபரேஷன் ஆகி, எழுந்து நடந்துவிட்டார், ஆனால் நடை சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றபோது, நானுந்தானக்கா லெஃப்ட்ல ஏறி வந்துட்டேன் என்று அந்த மனிதர் அவளைச் சமாதானப்படுத்தினார். இப்போதும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் நல்லாருக்கீங்களாக்கா என்பார். அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அவர் நடந்து போவதைப் பார்க்காமல் இருக்கத் தெரு பெயர்ப் பலகையைப் படிப்பாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்தபோது கொசுவத்திலிருந்து திருகாணி தரையில் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் காதில் அதுதான் இருக்கிறது.

பார்த்துத் தப்பாகச் சொன்னது வேறு, பார்க்காமலே சொன்னது வேறு. அவள் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவருக்கு, அவள் திரும்பிப் பார்த்தாள், மொபெட்டைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அதையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஒருநாளோடு போயிருக்கும். விளையாட்டாக்கிவிட்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் கூடிவிட்டால், எங்கூட்டு லெஃப்ட் கண்ணாடிக்கு மொதல்ல பவர் செக் பண்ணோணும், வரலன்னு சொல்லி ஒருத்தனப் படுக்க வெச்சுட்டா என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சென்னியப்பன் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள், வேறு என்ன செய்வது, முகத்தை அந்த நேரத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறு வருஷத்தில் எத்தனை சாயங்காலம், எத்தனை மின்வெட்டு. ஒவ்வொரு முறையும் திருகாணி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும், ஒரு திருகாணிக்காகவா என்று அவர் கேட்டுவிட்டால்? அந்த விபத்துக்கு அப்புறம் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து மூன்று தடவை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள், பார்த்தும் வாய் திறக்காது, இன்னைக்குச் சொல்லுவியா நாளைக்குச் சொல்லுவியா என்று அவர் கத்துவார், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படுத்த இரவுகள். கடைசித் துண்டுப் பசை சட்டென்று பெயர்ந்து கன்னத்தில் வந்து அடித்தது. தட்டு சுத்தமாகிவிட்டது. மணி பத்து இருபது.

போன் அடித்தது. பார்க்காமலே தெரியும். “அண்ணி, கெளம்பிட்டீங்களா? நான் வேணா வந்தர்றேனுங்க.” “வேண்டாமுங்க தம்பி. கண்ணாடி ஒட்டிட்டிருக்கேன். முடிஞ்சதும் கெளம்பிருவேன்.” “கண்ணாடியா? நீங்களா? அண்ணி, நான் வெளிப்படையாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஏற்கனவே ஒருவாட்டி என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். அண்ணன வேற பக்கத்துல வெச்சுட்டு…” அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹேர் டிரையரின் வயர் காலடியில் சுருண்டு கிடந்தது. ஏற்கனவே ஒருவாட்டி. ஆறு வருஷமாக அவரும் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார், வேண்டும்போது எடுத்து நீட்ட. “தெரியுங்க தம்பி, அதுக்காகத்தான் ஒட்டறேன்” என்றாள். “செரிங்க, பதினோரு மணிக்குள்ள ஒரு போன் போடுங்க. போடலீன்னா நான் கெளம்பி வந்துருவேன்” என்று வைத்துவிட்டார். போடலீன்னா வருவாராம், போட்டாலும் வருவார். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம். அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் கைக்கு நல்லதாகப் போயிற்று.

கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரைத் துணியில் ஊற்றித் தட்டைத் துடைத்தாள். ஒரு பொட்டுத் தூசு இருந்தாலும் பிடிக்காதுங்க்கா என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நேற்று அந்தக் கடையில் அவள் ஒருத்திதான் பெண். இந்த மாடலுக்கு முழுக் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும், கண்ணாடி மட்டும் அளவுக்கு வெட்டித் தர்றேன் என்றார். சாதாக் கண்ணாடி எடுக்கப் போன கையை அவள்தான் நிறுத்தினாள், பழையது லேசாகப் புடைத்திருந்ததே என்று கேட்டாள். அவர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கரெக்டுங்க, லெஃப்டுக்கு இதுதான் வேணும், ரோடு அகலமா தெரியும், ஆனா வர்ற வண்டி சின்னதா தள்ளித் தெரியும், நெஜத்துல கிட்ட இருக்கும், பழகிக்கோணும் என்றார். சார் வந்து ஒட்டிக்குவாருங்களா? நானே ஒட்டிக்கிறேன். இந்த நானே என்ற சொல்லை அவள் கடையிலிருந்து வீடுவரை பஸ்ஸில் வைத்துக்கொண்டே வந்தாள். ரெண்டு பக்கமும் பிடிக்கும் டேப்பைத் தட்டின்மேல் வரி வரியாக, இடைவெளி விடாமல் ஒட்டினாள். மேல் தாளை உரிக்க வேண்டும். நகம் ஏறவில்லை. ஈரம் பட்ட நகம். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த நகம். ஊசி எடுத்துவந்து மூலையைக் கிளப்பி ஒவ்வொரு வரியாக உரித்தாள், இப்போது ஒரே வாய்ப்புத்தான், ஒட்டிவிட்டால் எடுக்க முடியாது. புதுக் கண்ணாடியைக் காகிதத்திலிருந்து பிரித்ததும் அதில் அவள் முகம் வந்தது, மூக்கு கொஞ்சம் பெரிதாக, கன்னத்தில் பசைத் துணுக்கோடு, நெற்றியில் பொட்டு ஓரமாக. இந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டியது இந்த முகத்தை இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது, போய்விட்டது. குறுகின பக்கம் எந்தப் பக்கம்? வெளிப்பக்கம். கதவுப் பக்கம் அகலம். பழைய கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள், மறுபடியும் ஒத்துப் பார்த்தாள், மூன்றாம் தடவையும் பார்க்கப் போன கையைத் தானே அதட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ் விளிம்பை முதலில் வைத்து, மேலே சாய்த்து, பழைய நூல்புடவைத் துண்டைச் சுற்றிய உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினாள். அழுத்திக்கொண்டே எண்ணினாள். நூறு. இருநூறு. தோள் வலித்தது. விட்டால் விழுந்துவிடுமோ என்று விடவில்லை. முந்நூறு. கையை எடுத்தாள். நின்றது. இனி அரைமணி நேரம் யாரும் தொடக் கூடாது, காற்றும் தொடக் கூடாது.

அந்த அரைமணியில் அவள் அவருக்குச் சட்டை மாற்றினாள், இடது கையை முதலில் நுழைக்க வேண்டும், வலதை அவரே பார்த்துக்கொள்வார். ஃபைலை எடுத்தாள், தண்ணீர் பாட்டில், சாவி. சென்னியப்பனுக்குப் போன் போட்டு, கெளம்பறோமுங்க, வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி, அவர் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே வைத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை அவர் பேச்சின் நடுவில் போனை வைக்கிறாள். அப்புறம் பயம் வந்தது. டேப் பெயர்ந்து கண்ணாடி நடு ரோட்டில் விழுந்தால். நடுப் பாலத்தில் வண்டி நின்றுபோனால். இன்னொரு டிபன் கேரியர் மூடி உருண்டால். உருளும் சத்தம் காதுக்குள் கேட்டது, அலுமினியம் தார்மேல் உரசும் அந்தச் சத்தம், சுற்றிச் சுற்றிக் கடைசியில் படபடவென்று அடித்து அடங்கும் சத்தம். அவள் சமையலறையில் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். இதற்குப் பயந்தால் ஆட்டோவுக்கு அலைந்த அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கும் பயப்பட வேண்டும், எது பெரிய பயம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிதைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வண்டியில் உள்ளே இருந்தபடி கண்ணாடியைத் திருப்பும் பிடி கிடையாது. வெளியே ஒருவர் நின்று தள்ள வேண்டும், ஓட்டுகிறவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவள் சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்றார். “எதுல ஒட்டின?” “டேப்புலீங்க.” “டேப்பெல்லாம் நிக்காது. நான் ஒரு சொட்டு வெச்சிருந்தா…” “நீங்க வெச்ச சொட்டத்தானுங்க காலைலருந்து சொரண்டினேன்.” அவர் கட்டைவிரலைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார், ஃபிட்டரின் விரல், இன்னும் அதற்கு மறக்கவில்லை. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. “ம்” என்றார். “கொஞ்சம் கீழ தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். இப்ப வெளிய. போதும் போதும், எச்சா போயிருச்சு.” கண்ணாடிக்குள் போர்ட்டிகோத் தூண் வந்தது, கறிவேப்பிலைச் செடி வந்தது, கேட்டுக்கு வெளியே தெருவின் ஒரு துண்டு வந்தது, வண்டியின் பின்கதவு ஓரமாக ஒரு கீற்று. கண்ணாடி ஓரத்தில் தெரிய வேண்டும் என்று ஜெசிந்தா மேடம் சொன்ன அதே கீற்று. இவ்வளவு இடம் அங்கே இருந்திருக்கிறது. பதினேழு வருஷம் மடக்கி வைத்திருந்தது இவ்வளவையும்.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். அவள் ரெண்டாம் கியரிலேயே சந்துக்குள்ளிருந்து வந்து மெயின் ரோட்டில் ஏறினாள், பின்னால் வந்த லாரி பொறுமையில்லாமல் உறுமியது, உறுமட்டும். அவர் பக்கத்தில் வலது கையால் மேல் பிடியைப் பற்றிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிரேக்க மிதி, கியர மாத்து என்று வாய் வரை வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது தொண்டை அசைவதில் தெரிந்தது. பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். அப்போது அவர், யாரும் கேட்காமலே, இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய இடம் அது, சீட்டு மாறினாலும் பழக்கம் மாறுமா, “வரல, போ” என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னார். அவளுடைய கை பாதி திரும்பிவிட்டது. சத்தியமாகத் திரும்பிவிட்டது. அந்தக் குரலை நம்பி முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய கை. ஆனால் கண் கண்ணாடிக்குப் போனது. கண்ணாடிக்குள், ஓரத்தில், ஆடாமல், கொட்டைப்பாக்களவு ஒரு மொபெட், முன்னால் காய்கறி மூட்டை, ஓட்டுகிறவரின் வெள்ளைத் துண்டு. சின்னதாகத் தெரிந்தால் கிட்ட இருக்கும். பிரேக்கை மிதித்தாள். மொபெட் அவருடைய ஜன்னலுக்கு ஒரு சாண் பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து, முன்னால் வந்து, வலதுபுறமாக அவர் பார்வைக்குள் நுழைந்தபோதுதான் நாச்சிமுத்து அதைப் பார்த்தார். திடுக்கென்று உடம்பு தூக்கிப்போட்டது. “எங்கிருந்து வந்தான் இவன்?” “உங்க பக்கம்தானுங்க” என்றாள். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், திருப்பினாள்.

ரயில்வே பாலத்துக்கு முன்னால் சிக்னல் சிவப்பில் நின்றது. தொண்ணூறு செகண்டு என்று எண் ஓடியது. எண்பத்தாறு. இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று தோன்றியது, காரணம் ஒன்றும் இல்லை, தோன்றியது. “அன்னைக்கு நான் பாக்கவே இல்லீங்க” என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “ரங்கராஜ் விழுந்த அன்னைக்கு. திருகாணி கழண்டு விழுந்துருச்சு, குனிஞ்சு தேடிட்டிருந்தேன். பாக்காமயே வரலன்னுட்டேன்.” எழுபத்தொன்று. எழுபது. ஹாரன் ஒன்று, பூ விற்கிற பெண் ஒருத்தி ஜன்னல் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனாள். அவர் வலது கையால் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். “தெரியும்” என்றார். “என்னங்க?” “நீ குனிஞ்சுட்டிருந்தது தெரியும். பாத்தேன். பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். நீ வரலன்ன. தல நிமுரலன்னு தெரிஞ்சுதான் திருப்புனேன்.” ஐம்பத்திரண்டு. அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. ஆறு வருஷம். அத்தனை கல்யாணம், அத்தனை காதுகுத்து, பவர் செக் பண்ணோணும் என்று அத்தனை சிரிப்பு, அவள் சேர்ந்து சிரித்த சிரிப்பு. “தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நாலு பேர் முன்னால என்னயச் சொல்லிச் சிரிச்சீங்க?” குரல் அவளுடையது மாதிரியே இல்லை. முப்பது. இருபத்தொன்பது. “சொல்லிச் சிரிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு” என்றார். இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது, வண்டியை இப்படியே நடு ரோட்டில் விட்டுவிட்டு. அழ வேண்டும் போலவும் இருந்தது, அழுதால் ரோடு தெரியாது. பதினொன்று. பத்து. அவள் கிளட்ச்சை மிதித்து ஒன்றாம் கியரைப் போட்டாள். பச்சை விழுந்தது. வண்டி ஒரு குலுக்கும் இல்லாமல் நகர்ந்தது, இதுவரை ஒருநாளும் அப்படி நகர்ந்ததில்லை.

வண்டி பாலம் ஏறி இறங்கியது. கோபம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது, அதை இன்றைக்கு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம், இனி அதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் தைலம் தேய்த்த கழுத்து லேசாக இருந்ததையும் அவள் கவனித்தாள். ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை தூரத்தில் தெரிந்தது. கேட் இடது பக்கம். இண்டிகேட்டரைப் போட்டாள். வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தாள், தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை, கேட்டாள்.

“லெஃப்ட்?”

கேள்வி தனக்குத்தான் என்று நாச்சிமுத்துவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, கண்ணை மட்டும் திருப்பாமல், கழுத்தைத் திருப்பி, தோளைத் திருப்பி, தாடை தோளில் படும்வரை திரும்பி, ஜன்னலுக்கு வெளியே பின்னால் வரும் ரோட்டை நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து அவள் கண்டதில்லை.

“வரல” என்றார். அப்புறம், முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “எதுக்கும் நீயும் ஒருக்கா பாத்துக்க, வசந்தா.”

வசந்தாமணி இன்னொரு முறை பார்த்தாள். காலி ரோடு. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள்.